கருவி செய்தவன் பெயர்

இரவு ஷிப்ட் முடிந்த அசதியோடும் வந்து அமர்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே!

ஒரகடத்தில் பூட்டப்பட்ட கார்கள் எண்ணூரில் கப்பலேறுகின்றன. அந்தக் கப்பல் நடுக்கடலில் தானிருக்கும் இடத்தை அறிவதற்கு ஆதியில் வழி கண்டவர்களுள் ஜான் ஹாரிசன் என்ற தச்சரைப் பற்றி முதலில் சொல்ல விரும்புகிறேன்.

வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதை நட்சத்திரம் காட்டிவிடும். கிழக்கு மேற்காக அறியவோ, புறப்பட்ட ஊரின் நேரத்தைப் பிசகாமல் காட்டும் கடிகாரம் வேண்டும், ஏனெனில் பூமி நான்கு நிமிஷத்துக்கு ஒரு பாகை சுழல்வதால், அந்த நேரத்துக்கும் கப்பல் நிற்கும் இடத்தின் நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே எவ்வளவு தூரம் வந்தோம் என்பதைச் சொல்லிவிடும். இதற்கு வழி காண்பவருக்கு 20,000 பவுன் வரை பரிசளிப்பதாக 1714-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்தது. ஹாரிசனின் நான்காவது கடிகாரம் 1761-இல் ஜமைக்காவுக்குப் புறப்பட்டு, அலையிலும் உஷ்ணத்திலும் எண்பத்தொரு நாள் கிடந்து, ஐந்து விநாடி அளவே பிசகியது. பரிசைத் தீர்மானிக்க அமைந்த சபையோ அதைத் தற்செயல் என்றது. மீண்டும் சோதிக்க வேண்டும், பிரித்துக் காட்ட வேண்டும், வரைபடங்களை ஒப்படைக்க வேண்டும் என்றது. சபையில் வீற்றிருந்த வானியலாளர் மாஸ்கெலின் மெய்யான அறிஞர்தான். ஆனால் சந்திரனைக் கொண்டு கணிக்கும் போட்டி முறையை ஆதரித்தவரே நீதிபதியாகவும் அமர்ந்தது தர்மமாகாது. ஹாரிசனிடமும் ஒரு குறை உண்டு. கை அறிந்ததைத் தெளிவாக எழுதிக் காட்ட அவருக்கு வரவில்லை. கடைசியில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே தலையிட, 1773-இல், ஹாரிசனின் எண்பது வயதில், முன்பு கொடுத்தது போக மிச்சப் பணத்தைப் பார்லிமெண்டு அவருக்குக் கொடுத்தது. சபையின் பரிசென்று அது வழங்கப்படவேயில்லை. மூன்றாண்டுக்குள் ஹாரிசன் காலமானார்.

ஹாரிசனுக்காவது பெயர் மிஞ்சியது. வடக்கு தெற்காக இடம் அறிய நம் சோழமண்டலக் கரை மாலுமிகளிடம் ராப்பலகை என்றொரு கருவி இருந்தது. கையகலத்துக்கும் சிறிய மரப்பலகை. நடுவில் ஒரு கயிறு. கயிற்றில் துறைமுகத்துக்கொன்றாக முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடித்து, பலகையின் கீழ்விளிம்பைத் தொடுவானத்தில் பொருத்தினால், மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரம் தொடும்பொழுது அந்த முடிச்சுக்குரிய துறையின் அட்சரேகையில் தோணி நிற்கிறது என்று பொருள். தெற்கே செல்லச் செல்ல நட்சத்திரம் தாழும். ஆகவே தென்துறைகளின் முடிச்சு பலகையிலிருந்து விலகி நிற்கும். கணக்குப் புத்தகம் ஒன்றுமில்லாமல் கோண சாஸ்திரத்தையே கயிற்றில் முடிந்துவைத்த அந்த மேதை யார்? 1850-இல் காங்கிரீவ் என்ற ஆங்கிலேயர் இத்தகைய யுக்திகளைக் குறித்துச் சென்னைச் சஞ்சிகையொன்றில் எழுதினார். காகிதத்தில் ஏறியது அவர் பெயர்.

நுங்கம்பாக்கத்தில் இன்றும் நிற்கிறது ஒரு கருங்கல் தூண். 1792-இல் மைக்கேல் டாப்பிங் என்ற ஆங்கிலேயர் அமைத்த வானாராய்ச்சி நிலையத்தினுடையது. ஆசியாவில் கணித சாஸ்திரத்தை ஆங்கிலேயர் முதன்முதல் ஊன்றிய காலத்தை ஆயிரம் ஆண்டு கழித்து வருவோரும் அறிய வேண்டுமென்று, லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் இந்துஸ்தானியிலும் அதில் பொறித்தார்கள். அதே கரையில் கயிற்றைக் கடித்துக்கொண்டு துருவனைப் பார்த்து நின்றவனுக்கு ஒரு கூழாங்கல்லும் இல்லை. இதை நினைக்கும்தோறும் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

தோழர்களே, லைனில் பாகம் ஆடாமல் பிடிக்க நீங்கள் வெல்டிங் செய்து அமைக்கும் ஃபிக்சரும், கைசன் எனும் மேம்பாட்டுத் தாளில் நீங்கள் எழுதிப்போடும் யோசனையும் அந்த முடிச்சுகளின் வம்சமே. அவற்றுள் காப்புரிமைக்குத் தகுதி பெறுபவை சிலவே. ஆயினும் அப்படி ஒன்று நேர்ந்தால், 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவை நினைவில் வையுங்கள். உரிமை ஆலைக்கே போனாலும், கண்டுபிடித்தவர் இன்னார் என்று பதிவேட்டில் குறிக்கச் சொல்லிக் கேட்க அது வழிவிடுகிறது. பணத்தில் பங்கு தராது, பெயரைத் தரும். தமிழ்நாட்டுக்கான காப்புரிமை அலுவலகம் கிண்டியில்தான் இருக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரைபடம் எதுவும் கொண்டுவர வேண்டாம், அது ஆலையின் ரகசியமாக இருக்கலாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். என்ன செய்தேன், எந்தத் தேதியில் செய்தேன், யார் பார்த்தார்கள் என்று தமிழிலேயே தெளிவாக எழுதிக் கையெழுத்திடும் முறையை அன்று நாம் சேர்ந்து பழகுவோம்.