முதல் செடியாக ஹைட்ரில்லா

வீட்டில் கண்ணாடித் தொட்டியிலோ சிமென்ட் தொட்டியிலோ மீன் வளர்ப்பவர்கள், உயிருள்ள செடி ஒன்றும் வைக்க ஆசைப்பட்டால் ஹைட்ரில்லாவில் தொடங்குங்கள் என்றே சொல்வேன். பள்ளி ஆய்வகத்தில் பீக்கருக்குள் புனலைக் கவிழ்த்து, ஆக்சிஜன் குமிழ் எழும்புவதைக் காட்டுவார்களே, அந்தச் செடிதான். வேலம்பாசி என்றும் சொல்வதுண்டு. நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் தானாகவே வளர்வது.

இதற்கு உரம் வேண்டாம், தனி மண்ணும் வேண்டாம். ஒரு சாண் நீளமுள்ள நாலைந்து தண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, கழுவிய ஆற்றுமணலில் ஊன்றிவிட்டால் கணுக்களில் வேர் பிடிக்கும். சும்மா மிதக்கவிட்டாலும் வளரும். தங்கமீன் கொறித்தால் கொறிக்கட்டும், மறுபடி துளிர்த்துவிடும். குளத்திலிருந்து எடுத்து வந்ததாக இருந்தால் மட்டும் நன்றாக அலசிப் பாருங்கள். தட்டானின் இளம்புழு ஒன்று ஒளிந்து வந்தாலும் கப்பிக் குஞ்சுகளைப் பிடித்துத் தின்றுவிடும்.

இந்தச் செடிக்கு இத்தனை உறுதி எங்கிருந்து வருகிறது? வெயில் ஏறி, செடிகள் நெருக்கமாக நிற்கும் தண்ணீரில் கரியமில வாயு நண்பகலுக்குள் தீர்ந்துபோகும். பல நீர்ச்செடிகள் அப்போது தளர்ந்துவிடும். ஹைட்ரில்லாவோ, சோளமும் கரும்பும் செய்வதுபோல, கிடைக்கும் கொஞ்சநஞ்ச வாயுவைத் திரட்டிச் செறிவாக்கிப் பயன்படுத்தும் முறைக்கு மாறிவிடுகிறது. கரும்பு அந்த வேலையை இருவகைச் செல்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஹைட்ரில்லா ஒரே செல்லுக்குள் முடித்துக்கொள்கிறது. அதன் இலையின் தடிமனே இரண்டு செல்தான்! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இரவில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். தொட்டி முழுக்க அடர்ந்துவிட்டால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். ஆகவே அவ்வப்போது வெட்டிக் குறைத்து, பாதித் தொட்டியாவது வெறும் நீராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டியதை எங்கே போடுவது என்பதில் மிகுந்த கவனம் தேவை. 1950களின் தொடக்கத்தில், மீன் தொட்டிகளுக்காக இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஹைட்ரில்லா, புளோரிடாவில் ஒரு கால்வாயில் கொட்டப்பட்டது. பிறகு ஏரி, ஆறு, கால்வாய் என்று மாநிலம் முழுக்கப் படர்ந்து, படகு போக வழியில்லாமல் அடைத்துக்கொண்டது. அங்கே பரவியவை எல்லாம் பெண் செடிகள். விதை இல்லாமலேயே, ஒடிந்த தண்டின் கணுவிலிருந்தும் சேற்றுக்குள் பல ஆண்டுகள் உறங்கும் கிழங்கிலிருந்தும் பெருகின. அதைத் தின்னவைக்க, இனப்பெருக்கம் செய்ய முடியாத புல் கெண்டைகளை அங்கே ஏரிகளில் விட்டார்கள்.

நீங்கள் வெட்டும் தண்டுகளைச் சாக்கடையிலோ ஏரியிலோ விடாதீர்கள். மொட்டைமாடி வெயிலில் சருகாகக் காயவைத்து, பூந்தொட்டிக்கு உரமாக்குங்கள். அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் ஆசையாகக் கேட்டாலும் ஒரு தண்டுகூடக் கொடுத்தனுப்ப வேண்டாம். அந்நாட்டுச் சட்டம் இதைத் தீங்கான களைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.