புதிய பாடசாலையும் பெற்றோரின் தெரிவும்

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்ததும் மலைநாட்டுத் தோட்டங்களிலே ஒரு கேள்வி எழுகின்றது. பிள்ளையை ஆறாந் தரத்திற்கு எங்கே சேர்ப்பது என்பதே அக்கேள்வி. முன்னொரு காலத்தில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பெரும்பாலான பிள்ளைகளின் படிப்பும் முடிந்தது. வசதி படைத்த சிலர் மாத்திரம் ஹற்றனுக்கோ நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ தம் மக்களை அனுப்பினர். இப்பொழுது நிலைமை வேறு. பல தோட்டப் பாடசாலைகள் இடைநிலை வகுப்புகள் கொண்டனவாகத் தரமுயர்ந்துள்ளன. ஆகவே, அயலிலே அண்மையில் இடைநிலை வகுப்புகளைத் தொடங்கிய அரசாங்கப் பாடசாலையா, நகரத்திலே பெயர்பெற்ற பழைய கல்லூரியா எனப் பெற்றோர் தடுமாறுகின்றனர். அத்தடுமாற்றம் நியாயமானதே. ஆனால் அதனைத் தீர்க்கும் வழி அயலார் சொல்லும் அபிப்பிராயமன்று. நேரிற் சென்று பார்த்தறிவதாகும்.

புதியது என்றாலே ஐயுறுவது மனித இயல்பு. மலையகத்தில் இடைநிலைப் பாடசாலைகள் ஏன் இத்துணை பிந்தி வந்தன என்பதை அறிந்தால் அவ்வையம் ஓரளவு தெளியும். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையிடம் ஒப்படைத்தது. அந்த வயதைத் தாண்டிய பிள்ளையைப் பற்றி அச்சட்டத்திற்குக் கவலை இருக்கவில்லை. பிள்ளை பேர் பதிந்து வேலைக்குப் போயிற்று. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தன. தோட்டப் பாடசாலைகளோ அவற்றுக்குப் புறம்பாகத் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே இருந்தன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் அவற்றிற் பெரும்பாலானவை விடுபட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தாற் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1977 முதலே அவை படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. 1980களின் நடுப்பகுதியிலிருந்து ஸ்வீடன் நாட்டின் உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன.

எனவே ஒரு பாடசாலை புதியதாக இருப்பது அதன் குறையன்று. அது சமூகத்தின் வரலாறு. நகரத்துப் பழைய கல்லூரிகளும் ஒருகாலத்திற் புதியனவாகவே இருந்தன. ஹற்றன் ஹைலண்ட்ஸ் கல்லூரி மெதடிஸ்த மிஷனாரின் சிறு பாடசாலையாகத் தொடங்கியதே. மடக்கும்புறைத் தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை ஹற்றனிலே கல்வி கற்றவர். அன்று அவரை அங்கே அனுப்பியவர்கள் புகழைக் கண்டு அனுப்பியிருக்க முடியாது. மலையகத்தவர் பலர் கற்று வெளிவந்த பின்னரே அப்புகழ் வந்தது.

இருப்பினும், புதியது என்பதற்காகவே ஒரு பாடசாலையை நல்லதெனக் கொள்வதும் தவறு. முதலில் அறியவேண்டியது, பாடசாலை எந்த வகையைச் சேர்ந்தது என்பதாகும். இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் நான்கு வகைப்படும். 1ஏபி என்பது விஞ்ஞானப் பிரிவு உட்பட உயர்தர வகுப்புகள் கொண்டது. 1சி என்பது உயர்தரத்திற் கலை, வர்த்தகம் போன்ற பிரிவுகளை மாத்திரம் கொண்டது. இரண்டாம் வகை, பதினோராந் தரமாகிய க.பொ.த. சாதாரண தரம் வரை செல்வது. மூன்றாம் வகை ஆரம்ப வகுப்புகளை முதன்மையாகக் கொண்டது. பெயர்ப்பலகையில் ‘மகா வித்தியாலயம்’ என்றோ ‘கல்லூரி’ என்றோ எழுதப்பட்டிருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடல் ஆகாது. இவ்வாண்டு எந்தத் தரம் வரை வகுப்பு நடைபெறுகின்றது, அடுத்த ஆண்டு எந்தத் தரம் தொடங்கும், அதற்கு வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி கிடைத்துவிட்டதா என அதிபரிடம் வினவுதல் வேண்டும். ஆறாந் தரத்திற் சேரும் பிள்ளை ஒன்பதாந் தரத்தை அடையும்போது மேலே வகுப்பில்லை என்றால், அவ்வயதில் வேறு பாடசாலை தேடுவது பெருந் துன்பமாகும்.

இரண்டாவது, எல்லாவற்றிலும் முதன்மையானது, ஆசிரியர். கட்டடம் ஒரு வருடத்தில் எழும்பிவிடும். கணித ஆசிரியர் அவ்வளவு எளிதிற் கிடைப்பதில்லை. மலையகத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு ஆசிரியர் பற்றாக்குறை நெடுங்காலமாக இருந்து வருவது. ஜெர்மன் நாட்டு உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும், பின்னர் தோட்டப் பாடசாலைகளுக்கென நியமிக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்களும் அக்குறையைக் குறைத்தனர். முற்றாகத் தீர்த்தனர் என்று சொல்வதற்கில்லை. வெளிமாவட்டங்களிலிருந்து நியமனம் பெற்று வருவோர் குளிருக்கும் தனிமைக்கும் அஞ்சி இடமாற்றம் பெற்றுச் செல்வதும் உண்டு.

ஆகவே பாடசாலைக்குச் செல்லும் தகப்பனும் தாயும் முதலிற் காண வேண்டியது நேரசூசியை. அதில் ஒவ்வொரு பாடத்திற்கும் எதிரே ஆசிரியர் ஒருவரின் பெயர் இருக்கின்றதா? அவர் அப்பாடத்திற் பயிற்சி பெற்றவரா? பாடசாலை வளவிலோ அயலிலோ ஆசிரியர் தங்குவதற்கு விடுதி உண்டா? விடுதியுள்ள பாடசாலையில் ஆசிரியர் நிலைத்திருப்பர். மழைக்காலத்திலும் வகுப்பு நடக்கும். எழுத வாசிக்கத் தெரியாத பெற்றோர் இவற்றைக் கேட்க நாணவேண்டியதில்லை. மேல்வகுப்பிற் படிக்கும் பிள்ளையொன்றின் அப்பியாசக் கொப்பியை வாங்கி விரித்துப் பார்த்தாற் போதும். சிவப்பு மையால் திருத்தப்பட்ட பக்கங்கள் தொடர்ந்து வருமாயின் அங்கே பாடம் நடக்கின்றது. தவணை முழுவதும் ஒரு பாடத்தின் கொப்பி வெறுமையாக இருக்குமாயின் விளக்கம் வேறு தேவையில்லை.

மூன்றாவது, வழி. டயகமையிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ நகரப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை, விடியுமுன்னே பனிமூட்டத்தில் லயத்தை விட்டுப் புறப்படுகின்றது. தேயிலை மலையூடாக இறங்கிப் பிரதான வீதிக்கு வந்து, பஸ் வரும்வரை காத்து நிற்கின்றது. மாலையில் வீடு திரும்பும்போது இருட்டிவிடுகின்றது. தென்மேற்குப் பருவமழை பொழியும் வைகாசி முதல் ஆவணி வரை நனைந்த உடையோடு வகுப்பில் அமர்வதும் உண்டு. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் மாணவர் பருவச்சீட்டு பணச் செலவைக் குறைக்கும்; களைப்பைக் குறைக்காது. தாய் பிரட்டுக்குப் போன பின்னர் வீட்டில் எவருமில்லாத வேளையில், பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையைத் தனியே அவ்வழியில் அனுப்பத் துணியாத குடும்பங்கள் பல. அத்தகைய வீடுகளில் படிப்பு நின்றுபோவதற்குக் காரணம் பிள்ளையின் அறிவுக்குறையன்று, பாதையின் நீளமே. ஐந்து முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என 2016இல் விதிக்கப்பட்டது. பிள்ளை நடந்து சென்று சேரக்கூடிய தூரத்தில் வகுப்பு இருந்தாலன்றி அவ்விதி ஏட்டிலேயே கிடக்கும்.

நகரத்துக் கல்லூரியின் நன்மைகளையும் மறைத்தற்கில்லை. அங்கே ஆய்வுகூடம் உண்டு. பல்கலைக்கழகம் சென்ற பழைய மாணவர்களின் முன்மாதிரி உண்டு. பல தோட்டங்களின் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பு உண்டு. புலமைப்பரிசிற் பரீட்சையில் நன்கு சித்தியடைந்து, நகரிலே தங்குவதற்கு நம்பகமான உறவினர் வீடும் உள்ள பிள்ளையை அங்கே அனுப்புவதிற் தவறில்லை. ஆனால் பஸ் கட்டணம், தனியார் வகுப்புக் கட்டணம், தங்குமிடச் செலவு ஆகியவற்றை நாட்சம்பளத்தோடு ஒப்பிட்டு, பதினோராந் தரம் வரை தாங்க முடியுமா என முன்னரே கணக்கிடல் வேண்டும். எட்டாந் தரத்திற் கடன் ஏறி, படிப்பை இடையில் நிறுத்தும் பிள்ளைக்குக் கல்லூரியின் பெயர் உதவாது.

இங்கே பலர் மறந்துவிடும் ஓர் உண்மை உண்டு. தெரிவு ஒருமுறை செய்து முடிந்துவிடுவதன்று. ஆறாந் தரம் ஒரு வாசல். சாதாரண தரப் பரீட்சைக்குப் பின் உயர்தரத்திற்குச் செல்லும் வேளை மற்றொரு வாசல். அயற் பாடசாலையிலே பதினோராந் தரம் வரை நன்கு பயின்று, கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் திறமை காட்டும் பிள்ளை, விஞ்ஞானப் பிரிவையோ, 2013இல் அறிமுகமான தொழினுட்பப் பிரிவையோ நாடி, பதினாறு வயதில் நகரத்திற்குச் செல்லலாம். பதினொரு வயதுப் பிள்ளைக்குச் சுமையாகும் பயணம் பதினாறு வயதில் அத்துணைச் சுமையன்று. பல்கலைக்கழக அனுமதியில் நுவரெலியா மாவட்டம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. விண்ணப்பதாரியின் மாவட்டம், அவர் பயின்ற பாடசாலையையும் வதிவிடத்தையும் நோக்கித் தீர்மானிக்கப்படுவதால், உயர்தரத்திற்கெனக் கொழும்புக்கோ கண்டிக்கோ அனுப்ப எண்ணுவோர் அவ்விதிகளை முன்னரே விசாரித்து அறிவது நன்று.

இனி, புதிய பாடசாலையின் எதிர்காலம் பெற்றோரின் கையிலும் இருக்கின்றது என்பதைச் சிந்தித்தல் வேண்டும். மாணவர் தொகையைக் கொண்டே ஆசிரியர் ஆளணி கணிக்கப்படுகின்றது. ஆசிரியர் இல்லை என்று பிள்ளைகளை விலக்கினால் மாணவர் தொகை குறையும். தொகை குறைந்தால் ஆசிரியர் மேலும் குறைவர். அடுத்த ஆண்டு இன்னும் சிலர் விலகுவர். இச்சுழலில் வீழ்ந்த பாடசாலை மீள்வது அரிது. அதிலே எஞ்சி நிற்பவர்கள் பஸ்ஸுக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளைகளே. இதற்காகத் தன் பிள்ளையின் கல்வியைப் பலியிடுமாறு எந்தப் பெற்றோரையும் கேட்பது முறையன்று. ஆயின், பிள்ளையை விலக்குவதற்கு முன் குறையைத் தீர்க்க முயன்று பார்ப்பது எல்லோருக்கும் நன்மை தரும்.

அதற்குரிய இடம் பாடசாலை அபிவிருத்திச் சங்கம். கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் அங்கே எவ்வளவு உரிமையோ, கொழுந்து பறிக்கும் தாய்க்கும் அவ்வளவு உரிமை உண்டு. விஞ்ஞானத்திற்கு ஆசிரியர் இல்லையெனின் சங்கத்திலே தீர்மானம் எழுதி, அதிபரூடாக ஹற்றன், நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என்னும் ஐந்து வலயங்களுள் உரிய வலயத்தின் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்புதல் வேண்டும். ஒருவர் தனியே எழுதும் கடிதத்திலும் நூறு பெற்றோர் ஒப்பமிட்ட கடிதத்திற்கு மதிப்புண்டு. பெண்பிள்ளைகளுக்குத் தனி மலசலகூடமும் தண்ணீரும் உண்டா, கட்டடத்தின் பின்னுள்ள மலைச்சரிவைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரிசோதித்ததா, நூல்நிலையத்தின் அலுமாரி பூட்டியே கிடக்கின்றதா என்பனவும் அங்கே எழுப்ப வேண்டிய கேள்விகள். இவை பழி கூறுவதற்கான கேள்விகளல்ல. இவற்றை முகஞ்சுளியாது கேட்டுப் பதிலளிக்கும் அதிபரைக் கண்டால், அப்பாடசாலையின் மீது பெற்றோர் நம்பிக்கை வைக்கலாம்.

பெறுபேற்றுப் பலகையிலே பொறிப்பதற்குப் புதிய பாடசாலையிடம் பெயர்கள் இல்லை. ஆதலின் அதனைப் பெறுபேற்றால் அளக்க இயலாது; நாளாந்த ஒழுங்கினாலேயே அளத்தல் வேண்டும். காலையில் மணி உரிய நேரத்தில் அடிக்கின்றதா, ஆசிரியர் வகுப்பில் நிற்கின்றாரா, வராத பிள்ளையைத் தேடி லயத்திற்கு ஆள் வருகின்றதா என்று ஒரு மாதம் கவனித்தால் உண்மை புலப்படும். இவை செவ்வனே நடக்குமாயின், பெயரில்லை என்ற ஒரே காரணத்தால் அப்பாடசாலையை ஒதுக்குதல் தகாது. இவை நடவாவிடின், கட்டடம் எவ்வளவு அழகாயிருந்தாலும் பிள்ளையை அங்கே விடுதல் தகாது.

தோட்டங்களில் வாழும் மிகப் பல குடும்பங்களுக்குத் தெரிவு, புதிய பாடசாலைக்கும் புகழ்பெற்ற கல்லூரிக்கும் இடையில் உள்ளதன்று. அயலிலுள்ள பாடசாலைக்கும் படிப்பையே நிறுத்துவதற்கும் இடையில் உள்ளது. அக்குடும்பத்துப் பிள்ளை பதினோராந் தரம் வரை ஒரு நாளும் தவறாது சென்றுவரக்கூடிய பாடசாலையே அப்பிள்ளைக்குச் சிறந்த பாடசாலை. அதை நல்ல பாடசாலையாக வைத்திருக்கும் பணியிற் கல்வித் திணைக்களத்திற்கு ஒரு பங்குண்டு. அதிபருக்கும் ஆசிரியருக்கும் ஒரு பங்குண்டு. எஞ்சிய பங்கு, மாதம் ஒருமுறையேனும் அப்பாடசாலையின் வாசலை மிதித்து நேரசூசியையும் கொப்பியையும் பார்க்கும் பெற்றோருக்கு உரியது.