ஏறிய மதிப்பில் ஊருக்கும் பங்கு

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அத்தனையும் மக்கள் வரிப்பணம், அல்லது நாளை மக்கள் வரியிலிருந்து அடைக்க வேண்டிய கடன். தூண் எழும்பியதுமே போரூர்ப் பக்கம் மனை விற்கும் பலகைகளில் 'மெட்ரோவுக்கு நடந்தே போகலாம்' என்ற வரி ஏறிவிடுகிறது. அந்த ஒரு வரியால் ஒரு கிரவுண்டுக்குக் கூடும் விலை, ஒரு செங்கல்கூட வைக்காமல் மனையைப் போட்டு வைத்திருந்தவருக்கே போகிறது. அதில் ஒரு பங்கை ஊர் திரும்பக் கேட்பது நியாயம் என்கிறேன்.

பத்திரப் பதிவில்தான் வாங்குகிறீர்களே என்பார்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம்; இரண்டையும் கட்டுபவர் வாங்குபவர். விற்காமல் விலையேற்றத்துக்குக் காத்திருப்பவரை அது தொடுவதே இல்லை. அந்தத் தீர்வைக்கு அளவுகோலாக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 2017 ஜூனில் ஒரே உத்தரவில் 33 சதவீதம் குறைத்தார்கள். 2023 வரை அது அப்படியே கிடந்தது. மதிப்பைக் குறைத்தபோதே பதிவுக் கட்டணத்தை உயர்த்தினார்கள் என்பது உண்மைதான். ஆனால் கூடுதல் தளத்துக்கான பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணமும் இதே மதிப்பை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அளவுகோல் குட்டையானால் பொதுப்பங்கும் குட்டையாகும். மெட்ரோ பாதை நெடுகிலும் அந்த மதிப்பை ஆண்டுதோறும் சந்தை விலையோடு ஒட்டித் திருத்துவதே முதல் வேலை.

ஏறிய விலையில் ஊரின் பங்கைக் கட்டணமாகப் போட்டால் வீட்டு விலை ஏறாதா? வாங்குபவரின் சக்திக்கு மேல் எந்தக் கட்டுமானக்காரராலும் விற்க முடியாது. கட்டணம் முன்கூட்டியே தெரிந்தால், நிலத்துக்குக் கொடுக்கும் விலையில் அவர் அதைக் கழித்துக்கொள்வார். ஏற்கெனவே அதிக விலைக்கு நிலம் வாங்கியவர்களுக்கு அவகாசம் தரத்தான் வேண்டும். வடபழனியில் ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர் இந்தக் கட்டணத்துக்கு எங்கே போவார் என்ற கேள்வி இன்னும் முக்கியமானது. அவரிடம் ஆண்டுதோறும் கேட்க வேண்டாம். வீட்டை விற்கும்போதோ இடித்து அடுக்குமாடி கட்டும்போதோ வாங்கினால் போதும்.

இப்படி வரும் பணம் எதற்கு? கூவம், அடையாற்றங்கரைக் குடும்பங்களை நகர விளிம்பில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது, நகருக்குள் நிலம் கட்டுப்படியாகாது என்றே சொல்லப்பட்டது. வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் அவர்கள் பஸ் மாறி மாறி நகருக்கே திரும்ப வேண்டியிருந்தது. அவர்களை வெளியே தள்ளிய அந்த விலையேற்றத்திலேயே அவர்களுக்கு வீடு கட்டும் பணமும் இருக்கிறது. அது பொதுக் கருவூலத்தில் கலந்தால் கரைந்துவிடும். மெட்ரோ பாதைக்கென்று தனிக்கணக்கு வேண்டும். வந்த தொகையும் கட்டிய வீடும் நிலையம்வாரியாக ஆண்டுதோறும் மாநகராட்சி மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். அந்த வீடுகள் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே எழ வேண்டும்.