அம்மைக்குக் காட்டும் மரியாதை காய்ச்சலுக்கும் வேண்டும்

பசுவந்தனையிலும் அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலும் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டுவிட்டால், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். வெளியாள் வீட்டுக்குள் வரமாட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை தெருவில் இறங்காது. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று வாத்தியாரும் கேட்கமாட்டார். ஆனால் அதே பிள்ளைக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால், காலையில் ஒரு பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுத்து, சீருடையை மாட்டிப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். பள்ளியிலிருந்து பிள்ளைகள் நோயை வாங்கி வருகிறார்கள் என்று நாம் குறைப்படுவது உண்டு. அந்த நோயைப் பள்ளிக்குள் கொண்டுபோனதும் நம்மைப் போன்ற ஒரு வீடுதான். அம்மைக்கு நாம் கடைப்பிடிக்கும் ஒழுங்கை மற்ற தொற்றுநோய்களுக்கும் கடைப்பிடித்தால் இந்தச் சுழற்சி பெருமளவு குறையும் என்பதே இன்று நான் சொல்ல வந்த கருத்து.

சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கி, எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பரவும். தலைக்குத் தண்ணீர் ஊற்றக் காத்திருக்கும் வழக்கமும் ஏறத்தாழ அந்தக் கெடுவோடு ஒத்துப்போகிறது. வேப்பிலை கிருமியை விரட்டுகிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆளை ஒதுக்கி வைப்பதில்தான் பலன் இருக்கிறது. கர்ப்பிணிக்கோ கைக்குழந்தைக்கோ பெரியவர்களுக்கோ அம்மை போட்டால் வழக்கத்தோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். மற்ற நோய்களுக்கும் இப்படி ஒரு கெடு உண்டு. பொன்னுக்கு வீங்கி, கன்னம் வீங்கியபின் 5 நாள் வரை பரவும். வயிற்றுப்போக்கு நின்றபின் 2 நாள் பொறுப்பது நல்லது. மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு நாள் முழுதும் கழிந்த பிறகு பிள்ளை பள்ளிக்குப் போகலாம். மெட்ராஸ் ஐ என்னும் கண்வலி, பார்ப்பதால் ஒட்டுவதில்லை. கண்ணைத் தொட்ட கையும், அந்தக் கை துடைத்த துண்டும்தான் அதைப் பரப்புகின்றன. காய்ச்சல் இல்லாத வெறும் மூக்கொழுகலுக்குப் பிள்ளையை வீட்டில் நிறுத்த வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் அரசின் இலவசத் தடுப்பூசி உண்டு. சின்னம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் அந்த அட்டவணையில் ஊசி இல்லை. ஆகவே கட்டணம் கொடுத்து ஊசி போட முடியாத வீடுகளுக்கு, அந்த இரண்டிலும் ஒதுங்கியிருப்பதே பெரிய தடுப்பு.

பள்ளிப் பிள்ளையின் சளிக்காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், அதற்கு ஏன் இத்தனை பேச்சு என்று தோன்றலாம். பிள்ளைக்குப் போய்விடும், வீட்டில் இருக்கும் மூத்தவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. ஜப்பான் 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபுளூ தடுப்பூசி போட்டது. 1977இல் அதைக் கட்டாயமாக்கியது. 1987இல் கட்டாயத்தைத் தளர்த்தி, 1994இல் திட்டத்தையே கைவிட்டது. அந்தக் காலத்து இறப்புக் கணக்குகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. ஊசி போட்டது பிள்ளைகளுக்கு. குறைந்ததோ பெரும்பாலும் முதியவர்களின் சாவு. ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். நம் பகுதியில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. தாய் தீப்பெட்டி ஆபீஸுக்கும் தகப்பன் வெளியூர் வேலைக்கும் போன வீடுகளில், பிள்ளையைப் பார்த்துக்கொள்வது ஆச்சியும் தாத்தாவும்தான். பிள்ளை இருமினால் அந்த இருமல் முதலில் போய்ச் சேர்வது, நெஞ்சுச் சளியும் சர்க்கரை நோயும் உள்ள அந்த மூத்தவர்களிடம்.

இதற்குச் சில மறுப்புகள் உண்டு. நோய் வெளியே தெரியும் முன்பே பரவிவிடுகிறதே, பிறகு நிறுத்தி வைத்து என்ன பயன் என்பது முதல் மறுப்பு. முன்பே பரவுவது உண்மைதான். ஆனால் தெரிந்தபின்னும் பல நாள் பரவுகிறது. முழுதாகத் தடுக்க முடியாது என்பதால் தடுக்க முடிந்ததையும் விட்டுவிட வேண்டியதில்லை. பத்துப் பேருக்கு ஒட்டுவது நான்கு பேரோடு நின்றால், மீதி ஆறு வீடுகளுக்கு அது பெரிய லாபம். இரண்டாவது, நாலு நோயைக் கண்டால்தான் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வரும் என்ற பேச்சு. சாதாரணச் சளிக்கு இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். தட்டம்மையின் கதை வேறு. ஊசி போடாத பிள்ளைகளுக்குத் தட்டம்மை வந்தபோது, அவர்கள் உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்த எதிர்ப்புப் பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்துபோனதாக 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. அதாவது சேர்த்து வைத்த சக்தியையும் அது கொண்டுபோய்விடுகிறது. சின்னம்மைக் கிருமியோ நரம்புக்குள் ஒடுங்கியிருந்து, வயதான பிறகு அக்கியாக எழும்பக்கூடும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. பிள்ளையை வீட்டில் நிறுத்தினால் ஒருவர் கூட இருக்க வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கு விடுப்புச் சம்பளம் கிடையாது. பிள்ளைக்கும் ஒரு வேளைச் சோறு போகும். பக்கத்து எட்டயபுரத்தில் 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது, பசி பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவிடாமல் தடுக்கக் கூடாது என்பதற்காக. இன்று தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. அந்த உணவை நம்பியிருக்கும் பிள்ளை நோயோடும் பள்ளிக்கு வரும். அதற்குத் தாயைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனாலும் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் நாளே ஓய்வு கொடுத்தால் போவது ஓரிரு நாள் கூலி. நோய் தம்பிக்கும் தங்கைக்கும் ஆச்சிக்கும் வரிசையாக வந்து, கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறி அலைந்தால் போவது பல நாள் கூலி. அந்த முதல் ஓரிரு நாளின் சுமையைத் தாயின் தலையில் மட்டும் கட்டாமல் இருப்பது ஊரின் பொறுப்பு.

இதில் பள்ளி செய்யக்கூடியதும் இருக்கிறது. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பெற்றோர் அங்கம் வகிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. ஒரு நாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும், அந்தக் குழு அதை மறுபடி யோசிக்க வேண்டும். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கும் சேர்த்துத்தான் அந்தப் பரிசு போகிறது. நோய்க்காக நின்ற நாளுக்குப் பிள்ளையைத் திட்டுவதில்லை, விட்ட பாடத்தைச் சொல்லிக்கொடுப்போம் என்று ஆசிரியர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். அடுத்தது சோப்பு. கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், சோப்புப் போட்டுக் கை கழுவப் பழக்கிய வீடுகளில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நிமோனியா பாதியாகக் குறைந்தது. கரிசலில் தண்ணீருக்கே பஞ்சம் என்பார்கள். கை கழுவ ஒரு செம்புத் தண்ணீர் போதும். சாப்பாட்டு மணிக்கு முன் அந்தச் செம்பும் ஒரு சோப்புத் துண்டும் இருக்கின்றனவா என்று பார்ப்பது குழுவுக்குப் பெரிய வேலை அல்ல.

அம்மை வந்த பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று நம் ஊர்களில் எந்தத் தாயையும் யாரும் வற்புறுத்துவதில்லை. அது சட்டத்தால் வந்ததல்ல. ஊரே ஒப்புக்கொண்டதால் வந்தது. அந்த ஒப்புதலைக் காய்ச்சலுக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் கண்வலிக்கும் நீட்டிப்பதற்குப் புதிய திட்டமோ நிதியோ தேவையில்லை. அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு பெற்றோர் எழுந்து இதைக் கேட்டாலே தொடங்கிவிடலாம்.