பிரியாணி இருக்கட்டும், பிஸ்கட்டைப் பார்ப்போம்

இன்னைக்கு சாப்பாட்டைப் பத்திப் பேசப் போறோம். பயப்பட வேண்டாம், பிரியாணியை விடச் சொல்ல மாட்டேன். நானே விடல.

எனக்கு 31 வயசு. போன வருஷம் ஆபீஸ்ல எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தாங்க. எனக்கு எச்பிஏ1சி 5.9னு வந்துச்சு. கடந்த ரெண்டு மூணு மாசமா ரத்தத்துல சர்க்கரை சராசரியா எவ்வளவு இருந்துச்சுன்னு காட்டுற டெஸ்ட் அது. 5.7க்குக் கீழே இருந்தா நார்மல். 6.5ஐத் தொட்டா சர்க்கரை நோய். நடுவுல இருக்கிறதுக்குப் பேர் ப்ரீடயாபட்டீஸ். எங்க அப்பாவுக்கு 44 வயசுலயே சர்க்கரை வந்துடுச்சு. இன்னைக்கு ஊசி போட்டுக்கிட்டுதான் இட்லித் தட்டு முன்னாடி உட்கார்றார். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கிற அவரோட இன்சுலின் டப்பாதான் கண் முன்னாடி வந்தது.

நான் மட்டும் இல்ல. ஐசிஎம்ஆரோட நாடு தழுவிய ஆய்வு ஒண்ணு 2023ல லான்செட் குழும இதழ்ல வந்தது. அதன் கணக்குப்படி இந்தியாவில 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய் இருக்கு. எல்லைக்கோட்டுல நிக்கிறவங்க 13 கோடியே 60 லட்சம்.

விஷயம் தெரிஞ்சதும் ஆளாளுக்கு யோசனை சொன்னாங்க. அரிசியை நிறுத்து, பரோட்டாவைத் தொடாதே, ராத்திரி ஓட்ஸ் குடி. எல்லாரும் எனக்குப் பிடிச்சதையேதான் குறி வச்சாங்க. எனக்கு ஒரு சந்தேகம். பிரியாணி வாரத்துக்கு ஒரு தடவை. பரோட்டா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. மீதி நாள் எல்லாம் என்ன சாப்பிடுறேன்?

ஒரு வாரம் வாயில போட்டதையெல்லாம் போன்ல குறிச்சு வச்சேன். அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் நேரா ஒரே கேள்வி: மழையில வண்டி எடுத்துட்டுப் போய் இதை வாங்குவேனா? பிரியாணிக்குப் போவேன். சால்னா நல்லா இருந்தா பரோட்டாவுக்கும் போவேன். பதினோரு மணிக்கு ஆபீஸ் பேன்ட்ரியில எடுக்கிற க்ரீம் பிஸ்கட்டுக்கு? மீட்டிங்ல யாரோ நீட்டுற மிக்சருக்கு? சீரிஸ் பார்த்துக்கிட்டே காலி பண்ற சிப்ஸுக்கு? வாசல் வரைக்கும்கூட போக மாட்டேன். ஆனா பட்டியல்ல பாதிக்கு மேல இதுங்கதான். ருசிக்காகக் கூட இல்ல, கைக்கு எட்டுற தூரத்துல இருந்ததால உள்ளே போனது. இதுங்களை நிறுத்தினதுல எனக்கு ஒரு நாள்கூட ஏக்கம் வரல.

டீ வேற கதை. டீ இல்லாம எனக்கு வேலை ஓடாது. ஒரு நாளைக்கு நாலு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம்னு வச்சா தினம் 32 கிராம். மாசத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ பாக்கெட்! டீயில மட்டும். சேர்க்கிற சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நான் டீயைக் குறைக்கல. கடை அண்ணன்கிட்ட "சக்கரை கம்மி, டிகாஷன் தூக்கலா"ன்னு சொல்ல ஆரம்பிச்சேன். முதல் பத்து நாள் சப்புன்னு இருந்துச்சு. ஒரு மாசம் கழிச்சு ஒரு கல்யாணத்துல காபி குடிச்சேன், பாயசம் மாதிரி இருந்தது. நடுவுல ஒண்ணு: நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டின்னு மாத்தினா கவலையில்லைன்னு நினைக்காதீங்க. ருசி வேற, மணம் வேற. ரத்தத்துல ஏறும்போது அதுவும் சர்க்கரைதான்.

சரி, பிரியாணி. தினை பிரியாணி, காலிஃபிளவர் பிரியாணின்னு செஞ்சு பார்த்தவங்க இருக்காங்க. அவங்களுக்கு என் வணக்கம். எனக்கு அது பிரியாணி இல்ல. நான் மாத்தினது சாப்பிடுற வரிசையை. நியூயார்க்ல 2015ல ஒரு சின்ன ஆய்வு நடந்தது. சர்க்கரை நோய் உள்ள சிலருக்கு ஒரே சாப்பாட்டை ரெண்டு நாள் கொடுத்தாங்க. ஒரு நாள் ரொட்டி முதல்ல. இன்னொரு நாள் காய்கறியும் கோழிக்கறியும் முதல்ல, கால் மணி நேரம் கழிச்சு ரொட்டி. ரெண்டாவது முறையில சாப்பிட்ட பிறகு ஏறின சர்க்கரை நல்லாவே குறைவு. பிரியாணிப் பொட்டலத்துல இதுக்கு வேண்டியது எல்லாம் ஏற்கெனவே இருக்கு. வெங்காயப் பச்சடி, முட்டை, பீஸ். முதல்ல அதை முடிக்கிறேன். சோறு அப்புறம். பீஸைக் கடைசிக்குன்னு பதுக்கி வைக்கிற ஆளா இருந்தா கொஞ்சம் மனசு வலிக்கும். இப்படிச் சாப்பிட்டா முழுப் பொட்டலம் பெரும்பாலும் தேவைப்படாது. நானும் தம்பியும் ஒண்ணைப் பிரிச்சுக்கிறோம், கூட ஒரு பச்சடி கேட்டு வாங்கிக்கிறோம். முடிச்சதும் படுக்கையில விழாம, தெருவை ஒரு சுத்து சுத்திட்டு வர்றோம். சாப்பிட்டதும் நடந்தா தசைகள் சர்க்கரையை இழுத்துக்கும்.

உண்மையிலேயே கஷ்டமா இருந்தது வீட்டுச் சாப்பாடுதான். எங்க வீட்ல பொரியல்ங்கிறது தட்டோட ஓரத்துல இருக்கிற ஒரு கரண்டி. மறுசோறு வேண்டாம்னா அம்மா நெத்தியில கை வச்சுப் பார்ப்பாங்க, காய்ச்சலான்னு. சோத்தைக் குறைக்கிறேன்னு நேரா சொல்லியிருந்தா சண்டைதான். "பீன்ஸ் பொரியல் சூப்பர், இன்னும் போடுங்கம்மா"ன்னு ஆரம்பிச்சேன். சாம்பார், ரசம், மோர் மூணுமே இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் சோறுதான் கொஞ்சம் கொஞ்சம். இப்போ எங்க வீட்ல கால் கிலோ பீன்ஸ் பத்த மாட்டேங்குது.

ஏழு மாசம் கழிச்சு எடுத்த டெஸ்ட்ல 5.7. இன்னும் கோட்டு மேலதான் நிக்கிறேன், அடுத்தது தை மாசம். ஒரு விஷயம் மட்டும்: ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவங்க சோத்து அளவை மாத்துறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. மருந்து அளவு அப்படியே இருந்து சாப்பாடு மட்டும் குறைஞ்சா சர்க்கரை கீழே இறங்கிடும். அப்பாகிட்டயும் இதைத்தான் சொன்னேன். அவர் இப்போதைக்கு பீன்ஸ் மட்டும் கூட வாங்கிக்கிறார்.

அடுத்த வாரம் பேசலாம்.