காணிக்கை ஏலமும் பொய்க் கேள்வியும்

(ஆதரவாளர் கூடுகையில் பேசியது)



அறுப்பின் பண்டிகை ஏலம் நம் திருநெல்வேலிச் சபைகளுக்குப் புதிதல்ல. தாமிரபரணிக் கரையின் நெல்லும், வாழைத்தாரும், கருப்பட்டியும், சேவலும் ஆலய வளாகத்தில் ஏலத்துக்கு வரும். 500 ரூபாய் பெறும் சேவலை 5,000 ரூபாய்க்கு எடுத்து, "மறுபடியும் ஏலம் விடுங்கள்" என்று திருப்பிக் கொடுப்பவர்களை நாம் அறிவோம். அதில் ஏமாற்று இல்லை. கேட்டவர் தெரிந்தே கேட்கிறார், கேட்டதைக் கட்டுகிறார்.

தூரத்தில் இருக்கும் நம் பிள்ளைகளும் பங்கு பெறட்டும் என்று சென்ற ஆண்டு ஆஸ்பத்திரி ஏலத்தை இணையம் வழியாகவும் நடத்தினோம். ஒரு வாழைத்தாருக்கு இருவர் போட்டியிட, விலை 4,000 ரூபாயைத் தாண்டியது. பிறகுதான் தெரிந்தது, அதில் ஒருவர் எங்கள் ஏலக் குழுவைச் சேர்ந்தவர் என்று. "ஏழை நோயாளிகளுக்குத்தானே போகிறது" என்று வேறு பெயரில் விலையை ஏற்றியிருக்கிறார். வாங்கும் எண்ணமே அவருக்கு இல்லை.

எடுத்தவருக்கு உண்மையைச் சொல்லி, முழுத் தொகையையும் திருப்பி அனுப்பினோம். "கேட்டிருந்தால் இன்னும் கொடுத்திருப்பேனே, எதற்கு ஒளிந்து நின்றீர்கள்?" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ம் பிரிவு, இதைத் தெளிவாகச் சொல்கிறது. விற்பவர் குறைந்தபட்ச விலையை அறிவிக்கலாம். தாமும் கேட்கப்போவதாக முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டும் கேட்கலாம். சொல்லாமல் தாமோ தம் ஆளோ கேட்டால், வாங்கியவர் அதை மோசடியாகக் கருதலாம். விலையை ஏற்றப் பொய்க் கேள்வி கேட்டிருந்தால் விற்பனையையே தள்ளிவிடலாம். தர்ம காரியத்துக்கு அங்கே விலக்கு இல்லை.

முகம் தெரியாத இணையத்தில் இந்தச் சோதனை பெரிது. 2000-ம் ஆண்டு அமெரிக்காவில், ஈபே தளத்தில் ஓர் ஓவியத்தின் விலை 1,35,000 டாலரைத் தாண்டியது. விற்றவரே வேறு பெயரில் கேட்டிருந்தது வெளிப்பட்டு, விற்பனை ரத்தானது. குற்ற வழக்கும் தொடர்ந்தது.

நீதிமொழிகள் 11-ம் அதிகாரம் கள்ளத்தராசைக் கண்டித்தே தொடங்குகிறது. ஏலத்தில் தராசு எது? பக்கத்தில் நிற்பவர் கேட்கும் விலைதான். அது பொய்யானால் எடை முழுவதும் பொய்.

ஆகவே இவ்வாண்டு ஆரம்ப விலையை முதலிலேயே அறிவிப்போம். குழுவினரும் அவர்கள் வீட்டாரும் கேட்கமாட்டார்கள். ஒருவருக்கு ஒரே பெயர், ஒரே தொலைபேசி எண். வசூல் குறைந்தாலும் சரி. உங்கள் நம்பிக்கை குறைந்தால் எந்த வார்டையும் எங்களால் நடத்த முடியாது. எங்களுக்காக ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.