படகேறி வரும் பாட்டும் சிரிப்பும்

தீவகத்திலே திருவிழாக் காலம் நெருங்குகின்றது. சோளகக் காற்று வீசத் தொடங்கிவிட்டால் இறங்குதுறைச் சுவரிலும், சங்கக்கடை வாசலிலும், வாசிகசாலைப் பலகையிலும் வண்ணக் கடதாசியில் அச்சிட்ட துண்டுப் பிரசுரங்கள் தோன்றுவது வழக்கம். உச்சியிலே கோயிலின் பெயர். அதன் கீழே பூசை நேரங்கள். அடியிலே, எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில், ‘இரவு நிகழ்ச்சி: இன்னிசை, வில்லிசை, நகைச்சுவை விருந்து.’ பூசை நேரத்தைப் பெரியவர்கள் வாசிப்பார்கள். அடியெழுத்தைச் சிறுவர்கள் வாசிப்பார்கள். பெரியவர்களும் அடியெழுத்தை வாசித்த பின்னர்தான் மேலே கண்ணை உயர்த்துவார்கள் என்பது நாம் அறிந்த இரகசியம்.

இத்தகைய துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். இடம் எழுவைதீவு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, அனலைதீவுக்கு வடக்கே கிடக்கும் மிகச் சிறிய தீவு அது. பரப்பு ஏறக்குறைய 1.4 சதுரக் கிலோமீற்றர். பனை, கடல், ஒரு சைவ ஆலயமணி, ஒரு கத்தோலிக்க ஆலயமணி, சில நூறு மக்கள். இவையே அதன் செல்வம். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இருப்பதுபோல அதற்குக் கடற்பாதை கிடையாது. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறித்தான் போதல் வேண்டும். நகரத்து மண்டபங்களில் நிகழ்ச்சி எட்டு மணிக்கென்றால் ஏழரைக்கு வீட்டிலிருந்து புறப்படலாம். எழுவைதீவிலோ, கடைசிப் படகு போய்விட்டால் கலைஞனும் இரசிகனும் விடியுமட்டும் ஒருவருக்கொருவர் சிறைப்பட்டவர்கள்!

இந்தச் சிறைதான் அந்தத் தீவின் மேடைக்கு ஒரு தனிக் குணத்தைக் கொடுத்தது. எந்த ஊரிலும் கூத்தும் நாடகமும் அக்காலத்தில் விடியும்வரைதான் நடந்தன. ஆனால் மற்ற ஊர்களில் பிடிக்காதவன் எழுந்து வீட்டுக்குப் போகலாம். அயலூரான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். இங்கே அயலூரானுக்குக் கடல் வழிமறிக்கும். ஆகவே பாய் விரித்து, பிள்ளையைக் கிடத்தி, கச்சானைக் கொறித்துக்கொண்டு இருந்தே தீரவேண்டும். அப்படி இருக்கும் சபையைச் சலிப்படையாமல் வைத்திருக்கும் பொறுப்பு யாருடையது? அழகாகப் பாடும் இராசபார்ட்டினுடையது பாதி. மற்றப் பாதி, சாமம் தாண்டியதும் கண் சொருகுகின்ற வேளையிலே துள்ளிக்கொண்டு வரும் பபூனுடையது.

இந்த நாடக மரபு நம்மிடம் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழகத்து நாடகக் குழுக்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து கொட்டகைகளில் ஆடின. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக்கொடுத்த இசை நாடகங்களை நம்மவர்கள் கேட்டார்கள், பழகினார்கள், பிறகு தாங்களே மேடையேறினார்கள். காங்கேசன்துறையில் 1924இல் பிறந்து 1989இல் மறைந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள், தமது வசந்த கான சபாவைக் கொண்டு அரிச்சந்திர மயான காண்டத்தை ஈழத்தின் மூலை முடுக்கெல்லாம் கொண்டுசென்றார்கள். சுடலைக் காவலனாக நின்று அவர் பாடியபோது அழாத கண் இல்லை என்று கேட்டவர்கள் சொல்வார்கள். அந்த அழுகைக் கதையிலேயே சந்திரமதியை விலைக்கு வாங்கும் காலகண்ட ஐயரும் அவர் மனையாளும் சிரிப்பை மூட்டப் போதுமான பாத்திரங்கள். சிரித்துச் சிரித்து நெஞ்சு இளகியிருக்கும் சபைக்குத்தான் அடுத்த காட்சியில் கண்ணீர் எளிதாக வரும். நம் நாடகக்காரர்கள் இதை ஏட்டில் படிக்கவில்லை, மேடையில் கற்றார்கள்.

என் சொந்த ஞாபகம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். 1960களின் நடுப்பகுதி. எனக்குப் பத்து வயது இருக்கலாம். என் அம்மான் ஒருவர் ஊர்க்குழு ஒன்றுக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். எழுவைதீவுக்கு நாடகம் ஆடப் போகும் குழுவோடு என்னையும் அழைத்துச் சென்றார். வள்ளத்திலே ஆர்மோனியப் பெட்டியைச் சாக்கினால் சுற்றி, நடுவிலே, குழந்தையைப் போல வைத்தார்கள். உப்புத் தண்ணீர் பட்டால் அதன் நாக்குகள் கெட்டுவிடும் என்று அம்மான் பெட்டியின்மேல் கவிழ்ந்தே இருந்தார். மிருதங்கக்காரர் தம் வாத்தியத்தை மார்போடு அணைத்திருந்தார். உடுப்புப் பெட்டிகள் இரண்டில் ஒன்றை, காற்றைக் கண்டு அவசரப்பட்டதில், கரையிலே மறந்து விட்டுவிட்டோம் என்பது தீவில் இறங்கிய பின்னர்தான் தெரிந்தது. அதற்குள்தான் அரிச்சந்திரனுடைய முடியும் வாளும் இருந்தன! திரும்பிப் போக அன்றைக்கு வேறு வள்ளம் இல்லை.

இரவு பத்து மணி. கோயில் வீதியிலே பெற்றோமாக்ஸ் விளக்குகள் சீறுகின்றன. மேடையைக் கூட அம்மான் சொன்ன இடத்திலேதான் போட்டார்கள். காற்று மேடையின் முதுகிலிருந்து சபையை நோக்கி வீசவேண்டும். அப்போதுதான் ஒலிவாங்கி இல்லாமலே கடைசிப் பாய்க்காரனுக்கும் பாட்டுக் கேட்கும் என்பது அவருடைய கணக்கு. திரை விலகியது. அரசன் தலையிலே முடி இல்லை. ஒரு சால்வைத் தலைப்பாகைதான் இருந்தது. சபையிலே சலசலப்பு. அந்த நேரம் அழைக்காமலே பபூன் வந்தார். சபையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சொன்னார்:

“அரிச்சந்திரன் நாட்டை இழந்தான், பெண்சாதியை வித்தான், பிள்ளையை வித்தான். அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. முடியை எங்கை துலைச்சவன் எண்டு ஒரு புராணத்திலையும் இல்லை. நான் சொல்லுறன் கேளுங்கோ: ஊர்காவற்றுறை இறங்குதுறையிலை!”

சபை வெடித்துச் சிரித்தது. அவர் விடவில்லை. முன்வரிசையில் இருந்த வள்ளக்காரரைக் கைகாட்டி, “அண்ணை, முடியை விட்டிட்டு வந்தியள், பரவாயில்லை. சந்திரமதியை விட்டிட்டு வராமல் ஏத்தி வந்தியளே, அந்தப் புண்ணியம் உங்களுக்குக் காணும்!” என்றார். வள்ளக்காரரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதன் பின்னர் விடியும்வரை ஒருவரும் அந்தத் தலைப்பாகையைக் குறையாகக் காணவில்லை. மயானத்திலே அரசன் மகனை இழந்து நின்றபோது, அதே வள்ளக்காரர் சால்வையால் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன்.

நேயர்களே, இந்தச் சிறிய சம்பவத்தை நான் பல வருடங்களாக எண்ணிப் பார்த்திருக்கின்றேன். அந்தப் பகிடியைக் கொழும்பிலே சொன்னால் யார் சிரிப்பார்? அந்த இறங்குதுறையை அறிந்தவன் சிரிப்பான். அந்த வள்ளக்காரரை அறிந்தவன் இன்னும் அதிகமாகச் சிரிப்பான். பாட்டு எங்கும் போகும். ஒலித்தட்டில் ஏறும், நாடாவில் ஏறும், கடல் கடந்தும் அதே பாட்டாக ஒலிக்கும். ஊர்ச் சிரிப்போ அப்படி எளிதில் பயணம் செய்யாது. அதற்கு முன்வரிசையில் ஓர் ஆள் வேண்டும். அவரை எல்லாரும் அறிந்திருத்தல் வேண்டும். தம்மைப் பகிடி பண்ணினாலும் கோபியாத நெஞ்சு அவருக்கு இருத்தல் வேண்டும். சுருங்கச் சொன்னால், அதற்கு ஓர் ஊர் வேண்டும்.

வானொலியும் இதை நன்கு உணர்ந்திருந்தது. ‘சானா’ என அன்போடு அழைக்கப்பட்ட சண்முகநாதன் அவர்கள் இலங்கை வானொலியின் தமிழ் நாடகப் பகுதியை வளர்த்த காலத்தில் ‘இலண்டன் கந்தையா’, ‘விதானையார் வீட்டில்’ போன்ற தொடர்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழையே மூலதனமாகக் கொண்டு நேயர்களைக் கவர்ந்தன. பின்னர் எஸ். ராம்தாஸ் எழுதிய ‘கோமாளிகள்’ தொடரில் பலவகைத் தமிழ் பேசும் மனிதர்கள் ஒரே கூரையின்கீழ் மோதிக்கொண்டார்கள். அது 1976இல் திரைப்படமாகவும் வந்தது. கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ ஒரே ஒருவர் மேடையில் நின்று, யாழ்ப்பாணத்துப் பஸ் முழுவதையும் கண்முன் கொண்டுவந்த தனிநடிப்பு. வானொலிக்காரரும் தனிநடிகரும் செய்த வித்தை என்ன? கேட்பவனுடைய சொந்தச் சந்தியையும் சொந்த விதானையாரையும் அவன் நினைவில் எழுப்பிவிட்டார்கள். ஊரை மேடைக்குக் கொண்டுவர முடியாதபோது, ஊரின் பேச்சைக் கொண்டுவந்தார்கள்.

எழுவைதீவு போன்ற இடத்துக்கு மிகவும் பொருத்தமான கலை எதுவென்று என்னைக் கேட்டால், வில்லிசை என்று சொல்வேன். ஒரு வில், ஒரு குடம், ஓர் உடுக்கு, ஓர் ஆர்மோனியம், நாலைந்து பேர். எல்லாம் ஒரே வள்ளத்தில் அடங்கிவிடும். திரைச்சீலை வேண்டியதில்லை, முடியும் வாளும் வேண்டியதில்லை, ஆகவே மறந்து விட்டுவரவும் வழியில்லை! கதை சொல்லுகின்ற தலைவர் ஒரு பக்கம். அவருக்கு ‘ஆமாம்’ போட்டுக்கொண்டே குறுக்குக் கேள்வி கேட்கும் பக்கப்பாட்டுக்காரர் மறுபக்கம். அந்தக் குறுக்குக் கேள்வியிலேதான் ஊர்ப்புதினம் நுழையும். இராமன் காட்டுக்குப் போனான் என்று தலைவர் சொன்னால், “எந்த வள்ளத்திலை போனவர்?” என்று மற்றவர் கேட்பார். வில்லிசைக் கலைஞர் சின்னமணி அவர்களுடைய நிகழ்ச்சிகளைக் கேட்டவர்களுக்கு, பாட்டையும் பகிடியையும் ஒரே நாணில் கட்டும் இந்த வித்தையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்றைய நிலை என்ன? 1990களின் தொடக்கத்தில் போர் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். பலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் தீவகத்தாரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கின்றார்கள். பெற்றோமாக்ஸ் சீறிய தீவிலே, காற்றையும் வெய்யிலையும் மின்கலங்களையும் டீசலையும் இணைத்து மின்சாரம் தரும் தொகுதி 2010களின் பிற்பாதியில் அமைந்துவிட்டது. விளக்குக்குக் குறைவில்லை. ஒலிபெருக்கிக்கும் குறைவில்லை. வெளிநாட்டு உபயகாரர் அனுப்பும் பணத்தில் பெரிய இசைக்குழுக்களை அழைக்கவும் முடிகின்றது. குறைவது ஒன்றுதான்: முன்வரிசையில் இருக்கும் அந்த ஆள்.

நகரத்திலிருந்து வரும் கலைஞர்களை நான் குறை சொல்லவில்லை. காற்றையும் கடலையும் பொருட்படுத்தாமல் வாத்தியங்களைப் படகில் ஏற்றி வருகின்றவர்களை வரவேற்பது நமது கடமை. ஆனால் அவர்கள் தீவை அறியாதவர்கள். எந்த ஊரிலும் சொல்லும் பகிடியையே இங்கும் சொல்லிவிட்டு, முதற்படகில் போய்விடுவார்கள். அதைக் கேட்டுச் சபை சிரிக்கும். எனினும் மறுநாள் காலையில் கிணற்றடியிலே அந்தப் பகிடியை ஒருவரும் திருப்பிச் சொல்லமாட்டார்கள்.

ஆகவே, வரும் திருவிழாவுக்கு நிகழ்ச்சி நிரல் எழுதுகின்றவர்களுக்கு என் விண்ணப்பம் இது. இசைக்குழுவின் நேரத்திலே அரைமணியைக் குறைத்து, அந்த அரைமணியைத் தீவின் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அவர்கள் பாடுவது சற்றுச் சுருதி பிசகலாம். அவர்கள் எழுதிய பகிடி சற்றுக் கரடுமுரடாக இருக்கலாம். ஆனால் அது படகு பிந்திய கதையாக இருக்கும். மருந்தெடுக்க அக்கரை போன ஆச்சியின் கதையாக இருக்கும். வலையில் அகப்பட்ட மீனைவிட வாயில் அகப்பட்ட மீன் பெரிதான கதையாக இருக்கும். மேடையில் நின்று தன் ஊரைப் பார்த்துச் சிரிக்கப் பழகிய பிள்ளை, அக்கரைக்குப் படிக்கப் போனாலும், கடல் கடந்து போனாலும், அந்த ஊரைக் கூடவே கொண்டுபோகும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களைப் பகிடி பண்ணினால் கோபியாதீர்கள். எளியவனையும் அங்கவீனனையும் பரிகசிக்கும் பகிடியை உடனே தடுத்துவிடுங்கள். சபைத் தலைவரையும் உபயகாரரையும் ஆசிரியரையும் பற்றியதென்றால் முன்வரிசையில் இருந்து நன்றாகச் சிரியுங்கள். அந்த வள்ளக்காரர் அன்று முகத்தைச் சுளித்திருந்தால், அந்த இரவு அங்கேயே முடிந்திருக்கும்.

வெளிநாட்டிலிருந்து இவ்வருடம் வருவதற்கு எண்ணியிருக்கும் உபயகார அன்பர்களே, பணத்தை முன்னே அனுப்பிவிட்டு நீங்கள் பின்தங்கிவிடாதீர்கள். கடைசிப் படகுக்கு முன் வந்துவிடுங்கள். பாயொன்று கொண்டுவாருங்கள். கச்சான் அங்கே கிடைக்கும். உங்களுக்கென்று முன்வரிசையிலே ஓர் இடம் காலியாக இருக்கின்றது; உங்களைப் பற்றிய பகிடி ஒன்றும் அங்கே நிச்சயம் காத்திருக்கின்றது.